சீதனமாக வந்த ஒஸ்ரின்

நிறுத்தினீர்களே, தம்பி, அதுவே பெரிய உபகாரம். முக்கால் மணி நேரமாக இந்த இயக்கச்சி வளைவில் நிற்கிறேன். நாற்பது வாகனமாவது போயிருக்கும். எல்லோரும் வேகத்தைக் குறைக்கிறார்கள், காரைப் பார்க்கிறார்கள், போனை நீட்டிப் படம் எடுக்கிறார்கள், போய்விடுகிறார்கள். ஒருவர் இறங்கியும் வந்தார். "ஐயா, கொஞ்சம் அங்காலை நில்லுங்கோ, கார் முழுசா விழுகுதில்லை" என்றார். நின்றேன். படம் எடுத்துக்கொண்டு அவரும் போனார்.

தள்ள வேண்டாம். தள்ளிப் பார்த்தாயிற்று. எஞ்சினைச் சுழற்றப் பற்றறிக்கும் வலு காணாது. பழுது இன்னதென்று எனக்குத் தெரியும். பெற்றோல் பம்புக்குள் இருக்கும் ரப்பர்த் தகடு கிழிந்துவிட்டது. தாங்கி நிறையப் பெற்றோல் இருக்கிறது; எஞ்சினுக்கு ஏறவில்லை. கிணறு நிறையத் தண்ணீர், துலாக்கயிறு அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் வழி இருக்கிறது. இதோ சேலைன் போத்தல், ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் தொங்கவிடுவது. இதற்குள் பெற்றோலை விட்டு உயர்த்திப் பிடித்து, இந்தக் குழாயைக் காபரேற்றருக்குள் கொடுத்தால், தன் பாரத்தாலேயே இறங்கும். பிடிப்பதற்கு ஒருவர் வேண்டும். முன்னால் நின்று ஹாண்டிலைப் போட்டுச் சுழற்ற ஒருவர் வேண்டும். எனக்கும் இரண்டு கை இருக்கின்றன, ஆனால் இரண்டும் ஒரே உடம்பில் இருக்கின்றன. அதுதான் கஷ்டம்.

நேரம் என்ன? ஒன்றேகால். நல்லது, நல்லது. மூன்று மணிக்கு முன் நான் உருத்திரபுரம் போய்ச் சேர வேண்டும். மூன்று மணிக்கு அங்கே என் மகள் வீட்டு வாசலுக்கு வான் வருகிறது. மகள் வாசுகி, மருமகன், பேரன், அவர்களோடு என் மனைவி மங்கையற்கரசி. கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போகிறார்கள். அங்கிருந்து கனடா. வான் புறப்பட்டுவிட்டால், எழுபத்து நான்கு வயதுக்காரன் நான், இந்தப் பிறவியில் அவளை மறுபடி காண்பதற்கு எனக்கு வழியில்லை. அவள் இந்தக் காரை ஒருமுறை பார்த்துவிட்டால் போகமாட்டாள். அதுதான் சங்கதி. அந்தப் போத்தலைச் சற்று உயர்த்துங்கள்.

சிரிக்கிறீர்கள். கோயில் ஒலிபெருக்கி போலப் பேசுகிறேன் என்றா? எல்லோரும் சொல்வதுதான். இணுவிலில் எங்கள் கோயிலில் நாற்பது வருடம் புராணத்துக்குப் பயன் சொன்னவன் நான். ஒருவர் பாட்டை இராகத்தோடு வாசிப்பார். பக்கத்தில் இருப்பவர் அதன் பொருளைச் சபைக்கு விரித்துச் சொல்ல வேண்டும். அந்த இரண்டாம் ஆள் நான். பாட்டில் இல்லாத பொருளைச் சொன்னாலும் குற்றம், இருக்கிற பொருளைச் சொல்லாமல் விட்டாலும் குற்றம். அந்த நாக்கு வீட்டுக்கு வந்தாலும் அப்படியேதான் பேசும். "சோறு போடவோ எண்டு கேட்டால், அதுக்கும் பதவுரை சொல்லுவியள்" என்று மங்கை சொல்வாள். பகடியாகத்தான் சொல்வாள்.

சுழற்றுகிறேன். ஒன்று. இரண்டு.

மூச்சு விட்டுக்கொள்கிறேன்.

இது அவளுடைய கார், தம்பி. என்னுடையது என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. அவளுடைய தகப்பனார் அப்போதிக்கரி. அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தவர். ஐம்பத்து மூன்றாம் ஆண்டு கப்பலில் இறங்கிய ஒஸ்ரின் ஏ-நாற்பது. அந்த நாளில் எங்கள் பக்கத்தில் குடும்பக்காரர் வாங்கும் கார் இதுதான். துரைமார் பெரிய கார் வைத்திருந்தார்கள். குடும்பக்காரர் ஒஸ்ரின் வைத்திருந்தார்கள். முன்னால் ஒரே நீளச் சீற்று, வாங்கு மாதிரி. மூன்று பேர் நெருங்கி இருக்கலாம். கியர் கோல் ஸ்டியரிங்கோடு ஒட்டி இருக்கும். திரும்பும்போது பக்கத்துத் தூணிலிருந்து ஒரு சிவப்புக் கை எழும்பும். இதோ பாருங்கள், இன்றைக்கும் எழும்புகிறது. வலது பக்கத்துக் கை சற்றுத் தாமதம். அது பிறவிக் குணம். மங்கை சிறுபிள்ளையாக இருந்தபோது, அப்பா திரும்பும் முன் அவள் உள்ளேயிருந்து தூணைத் தட்டுவாளாம், கை எழும்பட்டும் என்று. கலியாணமான புதிதில் அவளே சொன்னாள். எண்பத்து நான்கில் காணி, நகை, கார் என்று மூன்றும் சீதனமாக வந்தன. காணியைப் போரில் பறிகொடுத்தோம். நகை வெவ்வேறு தேவைக்குப் போயிற்று. காரை நான் விடவில்லை.

விடவில்லை என்றால், தம்பி, எந்த நாளிலும் விடவில்லை. பொருளாதாரத் தடை இருந்த காலம் உங்களுக்குத் தெரியாது. நீங்கள் பிறந்திருப்பீர்களோ என்னவோ. பெற்றோல் என்பது மருந்து மாதிரித் துளிக்கணக்கில். துளிப் பெற்றோலைக் காட்டி எஞ்சினை எழுப்பிவிட்டு, எழும்பியவுடன் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவோம். வெள்ளைப் புகை போகும். வாசம் சட்டையிலிருந்து மூன்று நாளைக்குப் போகாது. ஆனால் ஓடும். ஊரில் பிரசவம், பாம்புக்கடி என்றால் என் கதவைத் தட்டுவார்கள். எழுப்பி ஓட்டிக்கொண்டு போவேன். எவரிடமும் கூலி வாங்கியதில்லை.

இப்போது மறுபடி. பிடியுங்கள். நெஞ்சுக்கு மேலே பிடியுங்கள்.

அந்த ஐப்பசி மாதம். தொண்ணூற்றைந்து. சண்டை நெருங்கி, முழு ஊரும் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்ததே, கேள்விப்பட்டிருப்பீர்கள். உங்கள் தாய் தகப்பனும் நடந்திருப்பார்கள். நாங்களும் புறப்பட்டோம். வாசுகிக்கு ஒன்பது வயது. மங்கைக்கு ஆறு மாதம். ஆம், வயிற்றில். காருக்குப் பின்பக்க ஸ்பிரிங்கில் மூலத்தகடு வெடித்திருந்தது. தடைக்காலத்தில் அதற்கு மாற்று ஏது? கயிற்றால் வரிந்து கட்டியிருந்தேன். பின் சீற்றைக் கழற்றி எறிந்துவிட்டு, புராண ஏட்டுக் கட்டு, உடுப்பு, அரிசி, ஒரு மாற்றுக் கியர்பெட்டி, சாவி குறடு வைத்த ஆயுதப் பெட்டி என்று ஏற்றினேன். ஏற்றி முடித்துப் பார்த்தால் ஸ்பிரிங் தாழ்ந்துபோய் நிற்கிறது. இன்னொரு உடம்பின் பாரத்தைத் தாங்காது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை, தம்பி. நான் ஸ்பிரிங்கைப் பார்த்தேன்; அவள் என் முகத்தைப் பார்த்தாள். "நான் நடக்கிறன்" என்றாள். அவளாகவே சொன்னாள். அதுதான் அவளுடைய பெருமை. சொல்லாமலே விளங்கிக்கொள்ளும் பிறவி.

கியர்பெட்டியை இறக்கியிருக்கலாமே என்றா கேட்கிறீர்கள்? வாசுகியும் இதே கேள்வியைக் கேட்டாள், இருபது வருடம் கழித்து. "அப்பா, அந்தக் கியர்பெட்டி எத்தினை கிலோ இருக்கும்?" என்று, சோற்றைப் பிசைந்துகொண்டு, ஏதோ பாடக் கணக்குப் போலக் கேட்டாள். தெரியாது என்றேன். உண்மையாகவே நான் நிறுத்துப் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் கியர்பெட்டி இல்லாவிட்டால் இன்று இந்தக் கார் ஏது? இதோ, இந்தக் காருக்குள் இருப்பதே அதுதான்.

நாவற்குழிப் பாலத்தில் சனம் இறுகிப்போய் நின்றது. சில்லு ஒரு முழம் உருள அரை மணி. மெதுவாகப் போனால் இந்த எஞ்சின் கொதிக்கும். காற்று வேண்டும் அதற்கு. றேடியேற்றரில் தண்ணீர் வற்றிவிட்டது. அந்த நேரம் இறைவன் திருவுள்ளம் இரங்கியது போல மழை கொட்டியது. சனம் குடையைத் தலைகீழாகப் பிடித்துத் தண்ணீர் ஏந்திக் குடித்தது. வாசுகியும் குடையில் ஏந்தி ஒரு செம்பு நிறைத்து, தாய்க்கென்று வைத்திருந்தாள். நான் கேட்டேன். பறிக்கவில்லை, கேட்டுத்தான் வாங்கினேன். "அம்மாவுக்கப்பா" என்றாள். மழை பெய்கிறதே, இன்னொரு செம்பு பிடிக்கலாம் என்றேன். மங்கைதான் "குடு பிள்ளை, அப்பாட்டைக் குடு" என்றாள். றேடியேற்றருக்குள் விட்டேன். அது சீறிக்கொண்டு குடித்தது. அதன்பிறகு மழை விட்டுவிட்டது. அதற்கு நான் என்ன செய்ய?

சுழற்றுகிறேன். ஒன்று. இரண்டு. மூன்று.

கேட்டதா? இருமியது. நீங்களும் கேட்டீர்கள் அல்லவா? ஒரு சிலிண்டர் பிடித்துவிட்டது. இன்னும் மூன்று.

சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில் எங்களுக்கு இடம் கிடைத்தது. மூன்றாம் நாள் அந்தப் பிள்ளை தங்கவில்லை. ஆண் பிள்ளை என்றார்கள். நான் அப்போது முற்றத்து மாமரத்தின் கீழ் காபரேற்றரைக் கழற்றி வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தேன். மண்ணெண்ணெயில் மழைத்தண்ணீர் கலந்துவிட்டது. யாரோ ஒரு மனிசி வந்து, "ஐயா, கையைக் கழுவிப்போட்டு உள்ளை வாங்கோ" என்றாள். போனேன். மங்கை சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். வினைப்பயன், யாரை நோவது என்று சொன்னேன். பொருத்தமான இடங்களை எடுத்துக்காட்டி, ஆறுதலாக, வெகுநேரம் சொன்னேன். அவள் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, இன்றுவரை சொன்னதில்லை. அத்தகைய பொறுமை.

இன்று காலையில் வரும்போது அந்தப் பள்ளிக்கூடத்தில் நிறுத்தினேன். மாமரம் இருக்கிறது, தம்பி. அதே மரம். காவற்காரரிடம் கேட்டு, அதன் கீழே காரை நிறுத்தி, போனில் ஒரு படம் எடுத்து வைத்திருக்கிறேன். இதோ. வெயில் நன்றாக விழுந்திருக்கிறது. மங்கைக்குக் காட்டத்தான். அன்றைக்குக் கயிறு கட்டிய காரை அவ்விடத்தில் பார்த்தவள், இன்றைக்கு இந்தக் கோலத்தில் பார்க்கட்டும். அதில்தான் ஒரு மணி நேரம் போயிற்று, உண்மை. திங்கட்கிழமை ராகுகாலம் கழித்து ஒன்பதரைக்குப் புறப்பட்டேன். எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினேன், தேங்காய் உடைத்தேன். சாவகச்சேரியில் ஒரு மணி நேரம். பிறகு எஞ்சினை ஆறவிட இரண்டு இடம். கணக்குச் சரியாகத்தான் வந்திருக்கும், இந்த ரப்பர் கிழியாமல் இருந்திருந்தால்.

மீன் வண்டி உங்களது. ஐஸ் உருகித் தண்ணீர் வடிகிறது. தெரிகிறது. இன்னும் பத்தே நிமிடம். நான் சைவம் என்பதால் உங்கள் வண்டியில் ஏறத் தயங்குகிறேன் என்று நினைக்காதீர்கள். அது காரணமே அல்ல. குகனோடு ஓடத்தில் ஏறியவர்களைப் பற்றி நான் எத்தனை முறை பேசியிருக்கிறேன். காரணம் வேறு.

ஊருக்குத் திரும்பிய பின் காரைத் திருத்தக் கையில் வசதி இல்லை. வீட்டு வளவின் மூலையில் நின்றது. இருபத்து மூன்று வருடம். மங்கைதான் அதைக் காத்தாள் என்று சொல்ல வேண்டும். வெயில் படாமல் மேலே பூசணிக்கொடி படரவிட்டாள். பூசணி வாடினால் பாகல். கூரை, கதவு, கண்ணாடி, ஒன்றும் தெரியாது. பச்சை மேடு மாதிரி இருக்கும். வருகிறவர்கள் "கார் எங்கை?" என்று கேட்டால், "எந்தக் கார்?" என்பாள். அப்படி ஒரு பகடி அவளுக்கு. வாசுகி வளர்ந்து, படித்து, உருத்திரபுரத்தில் மாப்பிள்ளை எடுத்துப் போனாள். நான்கு வருடத்துக்கு முன் பிள்ளைப்பேறு பார்க்கவென்று மங்கை அங்கே போனாள். முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழிந்ததும் வருவதாக. பேரன் இப்போது பாலர் பள்ளிக்குப் போகிறான். பேரப்பிள்ளைப் பாசம் பொல்லாதது, தம்பி, ஞானிகளையே கட்டிப்போடும். நான் மூன்று நான்கு முறை போய்ப் பார்த்தேன். நன்றாகக் கவனித்தாள். சாப்பாடு போட்டாள். "கடைசி பஸ் ஆறு மணிக்கு" என்று ஞாபகப்படுத்துவாள். நான் பஸ்ஸைத் தவறவிட்டு அவதிப்படக் கூடாது என்ற கவலை.

ஒருநாள் தனியே இருக்கும்போது யோசித்தேன். அவள் வராததற்கு என்ன காரணம்? வீட்டில் அவளுக்கென்று என்ன இருக்கிறது? அப்போது பாகற்கொடி நடுவே அந்தச் சிவப்புக் கை தெரிந்தது. ஏதோ எலி உள்ளேயிருந்து தள்ளியதோ என்னவோ, கை தானாக எழும்பி நிற்கிறது. அது உத்தரவு என்று எடுத்துக்கொண்டேன். மறுநாளே கொடியை வெட்டினேன்.

குருநகரில் யேசுதாசன் என்று ஒரு மெக்கானிக். வேதக்காரர், நல்ல கைக்காரர், வாய் மட்டும் கொஞ்சம். "ஐயா, உங்கடை முருகன் மயில்லை வாறார், நீங்கள் ஒஸ்ரினிலை வாறியள். ரெண்டுக்கும் பார்ட்ஸ் கிடையாது" என்பார். அவரும் நானும் மூன்று வருடம் பாடுபட்டோம். தரைத்தகடு எல்லாம் துரு. எண்ணெய்ப் பீப்பாயை வெட்டி விரித்துப் போட்டோம். முன்னால் பறக்கும் அந்தச் சின்னத்தைக் கொழும்புக்கு அனுப்பி மின்முலாம் பூசி எடுத்தேன். கண்ணாடி ரப்பர் தமிழ்நாட்டிலிருந்து வந்தது. ஸ்பிரிங் புதிது, இப்போது ஆறு பேர் ஏறினாலும் அசையாது. ஒருநாள் யேசுதாசன் எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டே கேட்டார்: "ஐயா, குறை நினையாதையுங்கோ. மனிசியைக் கூட்டிவர ஒரு ஓட்டோ காணாதோ?" ஓட்டோவில் கூட்டிவரும் விஷயமா இது?

உள்ளே எட்டிப் பாருங்கள், தம்பி. கூரையைப் பாருங்கள். என்ன துணி தெரிகிறதா? அவளுடைய கூறைச்சேலை. அலுமாரியில் இருந்த தன் உடுப்பெல்லாம் எடுத்துக்கொண்டு போனவள் அதை மட்டும் வைத்துவிட்டுப் போயிருந்தாள். திரும்பி வருகிற எண்ணம் இல்லாவிட்டால் கூறையை வைத்துவிட்டுப் போவாளா? பழைய கூரைத்துணி முழுவதும் செல்லரித்துப்போயிற்று. வேறு துணி ஒன்றும் மனசுக்குப் பிடிக்கவில்லை. தையற்காரர் வெட்டப் பயந்தார். "ஐயா, இது தாலி கட்டின சீலை" என்றார். நானே கத்திரியை எடுத்து வெட்டிக் கொடுத்தேன். அவள் ஏறியிருந்து தலையை நிமிர்த்தினால், கலியாணத்தன்று இருந்த அதே சிவப்பு.

பிடியுங்கள். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

எழும்பிவிட்டது. எழும்பிவிட்டது, தம்பி. அசைக்காதீர்கள், அப்படியே பிடியுங்கள், ஓடுகிறது. கேளுங்கள் அந்தச் சத்தத்தை. இந்தச் சத்தத்தைத்தான் அவள் தகப்பனார் வீட்டுக் கேற்றடியில்... ஐயோ. விடாதீர்கள், குழாய், குழாய் கழன்றுவிட்டது.

நின்றுவிட்டது.

உங்கள் பிழை இல்லை. பழைய குழாய். வாய் அகன்றுவிட்டது; நூலால் வரிந்து கட்டுகிறேன். இந்த முடிச்சை நீங்கள் போடுங்கள். நேரம்? இரண்டு ஐந்தா? அவ்வளவு ஆகிவிட்டதா?

இரண்டு கிழமைக்கு முன்தான் கனடாச் செய்தி எனக்குத் தெரியும். மருமகனுக்கு விசா வந்துவிட்டது என்று வாசுகி சொன்னாள். "அம்மாவும் வாறா" என்று அதோடு சேர்த்துச் சொன்னாள், உப்பும் வாங்கி வா என்பது போல. நான் வந்து பார்க்கிறேன் என்றேன். போனைக் கையால் பொத்திக்கொண்டு தாயிடம் கேட்டாள் போலும். பிறகு சொன்னாள்: "அம்மா சொல்லுறா, வாறதெண்டால் பஸ்ஸிலை வாங்கோவாம்." என் நாரி நோவை, இந்த இடுப்பு வலியை, அவள் மறக்கவில்லை பாருங்கள், வேறு எதிலாவது குலுங்கிக்கொண்டு வந்துவிடுவேன் என்று பயம். கார் திருத்துவதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஆனால் இணுவிலில் இரகசியம் ஏது? யாராவது சொல்லியிருப்பார்கள்.

அதற்குப் பிறகு என் போனிலிருந்து எடுத்தால் வாசுகிக்குப் போவதில்லை. அந்தப் பக்கம் சிக்னல் குறைவு. உங்கள் போனைத் தருவீர்களா? ஒரே ஒரு நிமிடம். வானைச் சற்று மறித்து வைக்கச் சொல்லிவிட்டால் போதும். நம்பர் எனக்குப் பாடம்.

போகிறது. உங்கள் போனில் சிக்னல் நல்லது.

வாசுகி? அப்பா. ஓம், வழியிலை ஒரு தம்பியின்ரை போன். இயக்கச்சியிலை நிக்கிறன். வந்துகொண்டிருக்கிறன் பிள்ளை. அம்மாவிட்டைக் குடு. ஒரு நிமிசம் குடு, பிள்ளை.

...

ஓம். நான்தான். இல்லை, இன்னும் இல்லை. ஓம், வாறன். வந்து சாப்பிடுறன். வானை ஒரு அரை மணித்தியாலம் மறிச்சு வைக்கச் சொல்லு, மங்கை.

...

எங்கடை காரிலை. உன்ரை காரிலை, மங்கை.

மங்கை?

வாசுகி, அம்மா எங்கை? ஏன்? ஏன் பிள்ளை?

வைத்துவிட்டாள். இல்லை, தொடர்பு அறுந்திருக்கும். இந்தாருங்கள் உங்கள் போன்.

பேசினாள், தம்பி. நான்கு மாதத்துக்குப் பிறகு அவள் குரல். "சாப்பிட்டியளோ?" என்று முதல் கேட்டாள். எடுத்த எடுப்பில் அதுதான் கேட்டாள். "கத்தரிக்காய்க் குழம்பு வைச்சிருக்கு. வந்து சாப்பிடுங்கோ, வான்காரனிட்டைச் சொல்லுறன்" என்றாள். பிறகு கொஞ்சம் பொறுத்து, "எதிலை வாறியள்?" என்று கேட்டாள். நான் சொன்னது உங்கள் காதிலும் விழுந்தது. அதற்குப் பிறகு அவள் குரல் இல்லை. பேரன் ஏதோ பாட்டுப் பாடும் சத்தம் கேட்டது. பிறகு வாசுகி எடுத்து, "அப்பா, அம்மா உள்ளுக்கை போட்டா" என்றாள். ஏன் என்றேன். "போட்டா. அவ்வளவுதான்" என்றாள்.

உள்ளே போய்விட்டாள் என்றால் சீலை மாற்றப் போயிருப்பாள். பிரயாணத்துக்கு உடுத்த சீலையோடு இந்தக் காரில் ஏறுவாளா? நல்லதாக ஒன்று உடுத்து, பொட்டு வைத்து, அதற்கு அவளுக்குக் கால் மணி வேண்டும். எப்போதும் கால் மணி. உங்கள் மனைவியும் அப்படித்தானே? ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனால், உங்கள் வீட்டில் எதற்குப் போவார்? சொல்லுங்கள், தம்பி. ஏன் நிலத்தைப் பார்க்கிறீர்கள்?

உங்கள் வண்டியில் ஏறச் சொல்கிறீர்கள். காரை இங்கே பூட்டி வைத்துவிட்டு, இப்போதே ஏறினால் முப்பத்தைந்து நிமிடத்தில் அந்த வாசலில் இறக்கிவிடுவேன் என்கிறீர்கள். நீங்கள் நல்ல தாய் வயிற்றுப் பிள்ளை. போகலாம்தான். குழம்பும் ஆறியிருக்காது. ஆனால் யோசித்துப் பாருங்கள். காரில் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். நாற்பது வருடம் சந்நிதியில் இருந்து பயன் சொன்ன நாக்கு இது. ஒரு பொய் சொன்னதில்லை. அவளிடம் காரில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, மீன் வண்டியில் போய் இறங்கினால் நான் என்ன ஆவேன்? அவள் வாசலுக்கு வந்து பார்க்கும்போது, வெறுங்கையோடு நான் மட்டும் நின்றால், அவளுக்கு என்ன இருக்கிறது பார்க்க?

கயிறு வைத்திருக்கிறீர்களா? இழுத்துக்கொண்டு... இல்லை. சரி. மீன் பாரம், உங்கள் வண்டி இழுக்காது. நான் கேட்டிருக்கக் கூடாது.

இரண்டு இருபத்தைந்து. நீங்கள் போக வேண்டும். உங்கள் ஐஸ் தண்ணீராகிவிட்டது, கிளிநொச்சியில் வியாபாரி திட்டுவான். போங்கள். போத்தலை நான் எஞ்சின் மூடியைத் தாங்கும் கம்பியில் கட்டிக்கொள்கிறேன். காற்றுக் கொஞ்சம் ஆட்டும், ஆடட்டும். ஹாண்டிலை நானே சுழற்றுவேன். ஒருமுறை எழும்பியது மறுமுறை எழும்பாதா?

ஒரே ஒரு உபகாரம் செய்யுங்கள். அந்த நம்பர் உங்கள் போனில் இருக்கிறது. பரந்தன் சந்தி தாண்டும்போது ஒருமுறை எடுத்து, ஐயா புறப்பட்டுவிட்டார் என்று சொல்லிவிடுங்கள். பொய்யாகாது, நீங்கள் அங்கே போய்ச் சேர்வதற்குள் நான் புறப்பட்டிருப்பேன். வாசுகி எடுத்தால் தாயிடம் கொடுக்கச் சொல்லுங்கள். தாய் வரமாட்டா என்று சொன்னாலும், கேட்கும்படி சற்று உரத்துச் சொல்லுங்கள். வேறொன்றும் வேண்டாம். அவர் காரில்தான் வருகிறார் என்று மட்டும், மறந்துவிடாமல், சொல்லுங்கள்.